வைகையில கப்பல் விட்ட சித்தப்பா

எல்லாம் ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டுல ஆரம்பிச்சுச்சு.

காலையில அஞ்சே முக்கால் இருக்கும். எங்க குடும்பக் குரூப்புல சித்தப்பா ஒண்ணைத் தட்டிவிட்டிருந்தாரு. வைகைக் கரையில பரம்பரை பரம்பரையா கப்பல் கட்டுன குடும்பங்க இருந்துச்சாம். மதுரையிலருந்து கெளம்புன கப்பல் நேரா ரோமாபுரியில போயித்தான் நின்னுச்சாம். இதைப் பகிராதவன் தமிழனே கெடையாதாம். கீழ ஒரு படம். கூரை போட்ட பெரிய வள்ளம், சுத்தித் தென்னந்தோப்பு, ஓரத்துல மலையாளத்துல ஒரு போர்டு.

நான் சும்மா இருந்திருக்கணும்.

"சித்தப்பா, இது ஆலப்புழை"ன்னு போட்டேன்.

"வரலாறு தெரியாதவனெல்லாம் பேசக் கூடாது"ன்னு பதில் வந்துச்சு. அத்தை ஒரு கும்பிடு போட்டாங்க. (யாரைப் பார்த்துன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.) மச்சான் ஒரு குட்மார்னிங் ரோஜாப்பூவை எறக்கிப் பஞ்சாயத்தை முடிச்சு வச்சாரு.

ஆனா எனக்கு முடியல. பல்லு வெளக்கும்போதும் அதே நெனப்பு. ஆத்தோரமா இம்புட்டுப் பெரிய ஊரு. சப்பரம் கட்டுறவங்க இருக்காங்க, பந்தல் போடுறவங்க இருக்காங்க, தேர் வேலை பாக்குற ஆசாரிமாரு இருக்காங்க. படகு கட்டுறவங்கன்னு ஒரு தெரு, ஒரு பட்டறை, ஒரு குடும்பம் கூடவா இல்லாமப் போச்சு?

எனக்குத் தெரிஞ்சு மதுரையில வருஷா வருஷம் படகு கட்டுறது ஒரே ஒரு குடும்பத்துக்குத்தான். மீனாட்சி குடும்பத்துக்கு.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் எங்க வீட்டுலருந்து நடந்து போற தூரம். 1645-ல திருமலை நாயக்கர் வெட்டுனது. மகால் கட்ட மண்ணு தோண்டுன பள்ளம்தான் குளமாச்சுன்னும், தோண்டுறப்பக் கெடைச்சவருதான் மீனாட்சி கோயில்ல இருக்குற முக்குறுணிப் பிள்ளையாருன்னும் சொல்வாங்க. சுமார் 16 ஏக்கர். நாங்க சின்னப் பயலுகளா இருந்தப்ப அது 16 ஏக்கர் கிரிக்கெட் கிரவுண்டு. சொட்டுத் தண்ணி கெடையாது. ஒரே நேரத்துல பத்துப் பதினஞ்சு மேட்ச் ஓடும். எவன் அடிச்ச பந்தை எவன் கேட்ச் பிடிக்கிறான்னே தெரியாது. (நான் ஒருக்கா அடுத்த மேட்ச்சுப் பந்தைப் பாய்ஞ்சு பிடிச்சிட்டு, ரெண்டு டீம்கிட்டயும் திட்டு வாங்கியிருக்கேன்.)

தண்ணி இல்லாத வருஷத்துல தைப்பூசத்துக்கு நிலைத் தெப்பம். தெப்பத்தைக் கட்டுவாங்க, அலங்காரம் பண்ணுவாங்க, அது நின்ன எடத்துலயே நிக்கும். மிதக்காத படகுக்கும் திருவிழா எடுத்த ஊரு எங்க ஊரு.

இப்ப அப்பிடியில்ல. பனையூர் கால்வாய் வழியா வைகைத் தண்ணி வந்து குளம் நெறஞ்சு கெடக்கு. நான் ஸ்டம்பு நட்ட எடத்துல மீன் துள்ளுது. திருவிழாவுக்கு முந்தி 'தெப்பம் முட்டுத் தள்ளுறது'ன்னு ஒரு நிகழ்ச்சி உண்டு. அந்தப் பேரைக் கேட்டாலே எனக்கு ஸ்டார்ட் ஆகாத டவுன் பஸ்ஸை எறங்கித் தள்ளுன ஞாபகம் வரும். தெப்பத்தன்னைக்குக் காலையில ரெண்டு சுத்து, ராத்திரி ஒரு சுத்து. துடுப்பே கெடையாது. கரையில நின்னு வடத்தைப் பிடிச்சு இழுக்குறதுதான். தேர் இழுத்துப் பழகுன ஊருக்காரன்கிட்ட படகைக் குடுத்தா வேற என்ன செய்வான்?

சரி, சாமி கணக்கை விடுங்க. மனுஷன் ஏறுற படகு?

இங்கதான் எனக்கு ஒண்ணு உறைச்சுச்சு. மதுரையில சிவபெருமான் 64 திருவிளையாடல் பண்ணுனாரு. வெறகு வித்தாரு. வளையல் வித்தாரு. மாணிக்கம் வித்தாரு. வலை வீசுனாரு. பிட்டுக்கு மண் சுமந்து பெரம்படியும் பட்டாரு. ஊர்ல என்னென்ன தொழில் இருந்துச்சோ அம்புட்டையும் ஒரு கை பாத்த மனுஷனுக்கு, ஓடம் ஓட்டுன படலம்னு ஒண்ணு கெடையாது! 64-ல ஒண்ணு கூட இல்ல!

தேவாரம் பாடுன சம்பந்தர், திருவாரூர்ப் பக்கம் திருக்கொள்ளம்பூதூர்ல வெள்ளம் வந்தப்ப ஓடத்துல ஏறி, ஓடக்காரன் இல்லாமலே பாட்டுப் பாடி அக்கரை சேந்தாருங்குறது கதை. அங்க ஓடத் திருவிழாவே நடக்குது. அவரே மதுரைக்கு வந்தாரு. இங்க வைகையில எதை விட்டாரு? ஓலை ஏட்டை. அது எதுத்துப் போயி ஒதுங்குன எடம்தான் சோழவந்தான் பக்கத்துல இருக்குற திருவேடகம். காவிரிப் பக்கம் ஓடம், வைகையில ஓலை. ஆத்துல இருக்குற தண்ணிக்கு ஏத்த அற்புதம்!

வைகை 258 கிலோமீட்டர் ஓடுற ஆறு. வருசநாட்டு மலையில கெளம்பி, வழியெல்லாம் கம்மா கம்மாவா நெரப்பிக்கிட்டு, மிச்சம் மீதி ராமநாதபுரம் பெரிய கம்மாயில போயிச் சேரும். கடலுக்குப் போறது அபூர்வம். சிவனுக்கு நஞ்சு குடுத்த கடலுக்கு நான் எதுக்குத் தண்ணி குடுக்கணும்னு வைகை முறுக்கிக்கிச்சாம், பழைய புலவர் கதை. எனக்கு என்ன தோணுதுன்னா, இது கப்பல் விடுறதுக்கான ஆறே இல்ல, வயக்காட்டுக்கான ஆறு. வெள்ளம் வந்தா படகு நிக்காது. வெள்ளம் வடிஞ்சா படகு தேவையில்ல, வேட்டியை மடிச்சுக் கட்டுனாப் போதும். ரெண்டுக்கும் நடுவுல எத்தனை நாள் படகு ஓடும்? அந்த நாளை நம்பி ஒருத்தன் தலைமுறை தலைமுறையா உளியைப் பிடிக்க முடியுமா? அப்புறம் 1889-ல மதுரையில ஆத்துக்குக் குறுக்க ஏ.வி. பாலமும் வந்துருச்சு. 1959-ல மேல அணையும் கட்டியாச்சு. இப்பல்லாம் அழகர் ஆத்துல எறங்குறதுக்கே அணையிலருந்து தண்ணி தொறந்து விட வேண்டியிருக்கு.

(அந்த அணையில 2017-ல ஒண்ணு மிதந்துச்சு. தண்ணி ஆவியாகாம இருக்கத் தெர்மாகோல். காத்தடிச்சதும் அதுவும் கரை ஒதுங்கிருச்சு. அதையும் வைகையில கட்டுன படகுக் கணக்குல சேத்துக்கலாமான்னு சித்தப்பாகிட்ட கேக்கணும்.)

சித்தப்பாவுக்கும் ஒரு பாயிண்டு குடுத்துர்றேன், இல்லேன்னா பாவம். வைகை கடல்ல சேர்ற பக்கம் அழகன்குளம்னு ஒரு ஊரு, ராமநாதபுரம் மாவட்டம். அங்க தொல்லியல் துறை தோண்டுனப்ப ரோமாபுரிக் காசு, ரோமாபுரிப் பானை ஓடெல்லாம் கெடைச்சுச்சு. ஒரு பானை ஓட்டுல கப்பல் படமே கீறியிருக்கு. பாய்மரத்தோட. ஆக, கப்பல் வந்தது நெசம். ஆனா வந்தது கடலோரத்துக்கு. மதுரை சிம்மக்கல்லுக்கு இல்ல.

நம்ம பக்கம் படகு கட்டுன குடும்பம்னு யோசிச்சா எனக்குத் தெரிஞ்சு எழுத்துல இருக்குறது ஒண்ணுதான். அதுவும் ஆறு இல்ல, கடல். அப்துல் கலாம் அவரோட 'அக்னிச் சிறகுகள்'ல எழுதியிருப்பாரு. அவருக்கு ஆறு வயசு இருக்கும்போது அவங்க அத்தா ராமேஸ்வரத்துலருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரைக்காரங்களை ஏத்திப் போக ஒரு மரப்படகு கட்டுறாரு. சொந்தக்காரரு ஜலாலுதீன் கூட நின்னு வேலை பாக்குறாரு. மரத்தை வெறகுத் தீயோட சூட்டுல பதப்படுத்துறதை இந்தப் பொடியன் பக்கத்துல நின்னு பாக்குறான். தொழில் நல்லாப் போகுது. ஒரு நாள் புயல் வந்து படகையே தூக்கிட்டுப் போயிருது.

அவ்வளவுதான். நாலஞ்சு வரி. அதுவும் அந்தப் பையன் பின்னாடி ஜனாதிபதி ஆனதால நமக்குத் தெரியுது. ஆகாம இருந்திருந்தா?

இந்தக் கேள்வியோட இருந்தப்பத்தான் தர்மபுரியில ஒரு கல்யாணம் வந்துச்சு. முகூர்த்தம் முடிஞ்சு சாப்பிட்டதும் எல்லாரும் ஒகேனக்கல் கெளம்புனாங்க. நானும் வேன்ல ஏறிக்கிட்டேன். அன்னைக்குக் காவிரியில தண்ணி அதிகம், பரிசல் ஓட்டத் தடை. (டிவியில கீழ ஓடுமே, பிலிகுண்டுலுவில் வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடின்னு, அந்த நாள்.) எல்லாருக்கும் ஏமாத்தம். எனக்கு யோகம். ஓட்டுறவங்க எல்லாரும் சும்மா இருந்தாங்க, சும்மா இருக்குறவங்க பேசுவாங்க.

கரையிலருந்து கொஞ்சம் தள்ளி ஒரு புளியமரத்தடியில ஒருத்தர் பரிசல் பின்னிக்கிட்டிருந்தாரு. அறுபது வயசு இருக்கும். பக்கத்துல மகன், மூங்கில் பொளந்துக்கிட்டு.

நான் போயி உக்காந்தேன். ஒரு மணி நேரம். மீன் வறுவல் வாங்கப் போன எங்க வேன் ஆளுங்க என்னை மறந்தே போயிட்டாங்க.

அவரு கையில டேப்பு கெடையாது, பென்சில் கெடையாது. பச்சை மூங்கில் பிளாச்சை ரெண்டு ரெண்டாத் தரையில பரப்புறாரு. குறுக்க, நெடுக்க, கோணையா. நடுவுல பாத்தா வாசல்ல போட்ட நட்சத்திரக் கோலம் மாதிரி இருக்கு. ஒரு பிளாச்சைக் கால் கட்டைவெரலால அமுக்கிக்கிட்டே இன்னொண்ணை அடியில விட்டு மேல இழுக்குறாரு. பின்னல் ஒரு அளவு வந்ததும் மகன் ரெண்டு பெரிய கல்லைத் தூக்கியாந்து நட்டநடுவுல வச்சாரு. அம்புட்டுத்தான். தட்டையாக் கெடந்த பாய், கனம் தாங்காம ஓரத்தைப் பைய மேல தூக்குது. அவரு அதைச் சுத்திச் சுத்தி வந்து நெஞ்சால அணைச்சு வளைக்கிறாரு. கொழந்தையைத் தூக்குற மாதிரின்னு எழுதத்தான் ஆசை. உண்மையைச் சொன்னா முரட்டு ஆட்டைப் பிடிக்கிற மாதிரி இருந்துச்சு.

"எத்தனை தலைமுறையாண்ணே?"

"எங்க தாத்தாவுக்கு முந்தியே இருக்கும்."

"எந்த வருஷம் இருக்கும்?"

அவரு மகனைப் பாத்தாரு. மகன் என்னையப் பாத்தாரு.

"வருஷமெல்லாம் தெரியாதுப்பா. தாத்தா தோல் காலம்."

எனக்குப் புரியல. அப்புறம் வெளக்குனாரு. தாத்தா காலத்துல பரிசலுக்கு அடியில மாட்டுத்தோல் கட்டுவாங்க. தெனமும் சாயந்தரம் கரையேத்திக் கவுத்துக் காய வைக்கணும். இல்லேன்னா அழுகி நாத்தம். காய வச்சா நாய் வந்து கடிச்சு இழுக்கும். அதனால பரிசல் பக்கத்துலயே படுக்கை. அவங்க அப்பா காலம் சாக்கும் தாரும். சாக்கை விரிச்சுத் தச்சு, தாரைக் காய்ச்சி ஊத்தித் தேய்க்கிறது. நாத்தம் போச்சு, நாய் போச்சு, ஆனா கையெல்லாம் கொப்புளம். இவரு காலம் பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். மகன் காலத்துல ஃபைபர் பரிசல் வருது, அதுக்கு மூங்கிலும் வேணாம், இவங்களும் வேணாம்.

தோல், சாக்கு, பிளாஸ்டிக், ஃபைபர். நாலு வார்த்தையில ஒரு குடும்பத்தோட நூறு வருஷத்துக்கு மேல சொல்லி முடிச்சிட்டாரு! நாயக்கர் வரலாறு எழுதுனவங்க கூட இம்புட்டுச் சுருக்கமா எழுதுனதில்ல.

"பழைய பரிசல் ஏதாவது வச்சிருக்கீங்களா? தாத்தா கட்டுனது?"

சிரிச்சாரு. "அது என்ன வீடாப்பா? ரெண்டு வருஷம் ஓடுனாப் பெரிசு. அப்புறம் அடுப்புக்குத்தான்."

ஊருக்கு வந்து ராத்திரி பூரா உக்காந்து படிச்சேன். இந்த வட்டப் படகு லேசுப்பட்டதில்ல. ரெண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு மேல முன்னாடி கிரேக்கக்காரரு ஹெரோடோட்டஸ் பாபிலோன் போயிட்டு எழுதியிருக்காரு. வட்டமா, கேடயம் மாதிரி, தோல் போத்துன படகு. ஆத்தோட போக்குல சரக்கை ஏத்திக்கிட்டு வருவாங்களாம். எதுத்து ஓட்ட முடியாதுல்ல? அதுனால படகுக்குள்ளயே ஒரு கழுதையை ஏத்திட்டு வருவாங்க. ஊர் வந்ததும் சரக்கை வித்து, படகோட கட்டையையும் வித்து, தோலை மட்டும் சுருட்டிக் கழுதை மேல போட்டு நடந்தே ஊர் திரும்புறது. (எனக்கு அந்தக் கழுதை நெலைமைதான் மனசுல நிக்குது. வரும்போது கப்பல் பயணம், போகும்போது சுமை.) ஈராக்குல சமீப காலம் வரைக்கும் இதே வட்டப் படகுக்குக் குஃபான்னு பேரு. அதுக்கும் வெளிப்பூச்சு தார்தான், மண்ணுலருந்து ஊறுற இயற்கைத் தார்.

நம்ம நாட்டுக்கு வந்தா, 1520 வாக்குல விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியரு டொமிங்கோ பயஸ் துங்கபத்திரையில இதே பரிசலைப் பாத்திருக்காரு. கூடை மாதிரி பின்னி, வெளிய தோல். பதினஞ்சு இருபது பேரு ஏறலாம், குதிரை மாடு கூட ஏத்துறாங்க, சுத்திக்கிட்டே போகுதுன்னு எழுதுறாரு. 1803-ல மராட்டியப் போருக்குப் போன வெல்லெஸ்லி (பின்னாடி நெப்போலியனைத் தோக்கடிச்சவரே தான்) ஆத்தைக் கடக்க இந்தக் கூடைப் படகைத்தான் கட்டச் சொல்லியிருக்காரு.

அம்புட்டுப் பேரும் படகைப் பாத்தாங்க. எப்படி இருந்துச்சுன்னு எழுதுனாங்க. கழுதையைக் கூட எழுதுனாங்க. பின்னுனவன் யாரு, அவன் அப்பன் யாரு, ஒரு வரி கெடையாது. படகும் ரெண்டு வருஷத்துல அடுப்புக்குப் போயிருது. அப்புறம் எங்கிட்டுப் போயி வரலாறு தேடுறது? அந்த எடம் காலியா இருக்குறதுனாலதான் எவனோ ஆலப்புழை வள்ளத்தை ஒட்டி ரோமாபுரிக்கு அனுப்புறான். இப்ப எனக்குச் சித்தப்பா மேல பாதிக் கோவம் போச்சு. (மீதிப் பாதி, அந்த 'தமிழனே கெடையாது'க்கு.)

இம்புட்டுத் தெரிஞ்சதுக்கப்புறம் ஒருத்தன் சும்மா இருப்பானா? மொட்டை மாடியில பரிசல் கட்ட எறங்கிட்டேன்.

மொத தடவை: மூங்கில் கடையில காஞ்ச மூங்கில் வாங்கிட்டு வந்தேன், பந்தலுக்குப் போடுறது. வளைச்சதும் படார்னு ஒடஞ்சு மாடித் தொட்டியோட மூடியில அடிச்சுச்சு.

ரெண்டாவது: பச்சை மூங்கில். பொளக்கும்போது அருவா கணுவுல மாட்டி, கோணலா எறங்கி, எடது கை ஆள்காட்டி வெரல். மூணு தையல். ஊசி போட்ட நர்ஸம்மா எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. பரிசல் கட்டுனேன்னு சொன்னேன். "எந்த ஊரு?" "மதுரை." நிமிந்து ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க.

மூணாவது தடவை பொளந்த மூங்கிலாவே ஏற்பாடு பண்ணி வாங்கி, ரெண்டு நாள் தண்ணியில ஊறப் போட்டுப் பின்னுனேன். நட்சத்திரம் வந்துச்சு. கல்லு வச்சேன். ஓரம் தூக்குச்சு! ஆனா ஒரு பக்கம் மட்டும். இன்னொரு பக்கம் மொறம் மாதிரி தட்டையாவே கெடந்துச்சு. சரி, எடுப்பா ஒரு பக்கம் இருக்கட்டும்னு தார்ப்பாயைப் போத்தித் தச்சு, தாரைக் காய்ச்சி ஊத்துனேன். தெருவே ரோடு போடுறாங்கன்னு நெனைச்சிருச்சு. கவுன்சிலர்கிட்ட போனே போட்டுட்டாங்க, எங்க சந்துக்கும் சேத்துப் போடச் சொல்லி.

தூக்கிட்டுப் போயி விட எடம்? தெப்பக்குளத்துல விட்டா செருப்படிதான். ஒரே வழி சோழவந்தான் பக்கம் சித்தப்பா ஊரு. கம்மாயில தண்ணி இருந்துச்சு. ஒரு லோடு ஆட்டோவுல ஏத்திட்டுப் போயி வாசல்ல எறக்குனேன்.

சித்தப்பா சுத்தி வந்து பாத்தாரு. காலால ஒரு தட்டு.

"என்னடா தம்பி இது?"

"பரிசல், சித்தப்பா."

"ஒரு பக்கம் சாஞ்சிருக்கு?"

"அது அப்பிடித்தான்."

கம்மாக்கரையில ஒரு இருபது பேரு கூடிட்டாங்க. உள்ள கால வச்சேன். மெதந்துச்சு. சத்தியமா மெதந்துச்சு. உக்காந்து துடுப்பைப் பக்கவாட்டுல ஒரு போடு போட்டேன். சுத்துச்சு. இன்னொரு போடு. இன்னும் வேகமாச் சுத்துச்சு. பரிசலை முன்னாடி துடுப்பு போட்டுத் தன் பக்கமா தண்ணியை இழுத்துத்தான் ஓட்டணும்னு அந்தப் பெரியவர் சொன்னது, நாலாவது சுத்துலதான் ஞாபகம் வந்துச்சு. அதுக்குள்ள தச்ச ஓட்டையெல்லாம் தண்ணியை உள்ள விட ஆரம்பிச்சிருச்சு. டொமிங்கோ பயஸ் பாத்திருந்தா இதையும் எழுதியிருப்பாரு.

இடுப்பளவு தண்ணிதான். நடந்தே வந்துட்டேன். சித்தப்பா கரையில நின்னு ஏதோ நூறு பரிசல் ஓட்டுன ஆளு மாதிரி, "மெல்லடா, மெல்லடா, சாயாம பிடி"ன்னு கத்திக்கிட்டேதான் இருந்தாரு. நான் எறங்குனதுக்கப்புறமும்.

பரிசலைத் திரும்பக் கொண்டுவர ஆட்டோ வாடகை குடுக்க மனசு வரல. அங்கேயே போட்டுட்டு வந்துட்டேன். ரெண்டு நாள் கழிச்சுச் சித்தி போன் பண்ணாங்க. தார்ப்பாயைக் கிழிச்சிட்டு, அந்தக் கூட்டைக் கவுத்துப் போட்டுக் கோழி அடைக்கிறாங்களாம். கடையில வாங்குன பஞ்சாரத்தை விடப் பெரிசா இருக்காம், பன்னெண்டு கோழி அடையுதாம். சாஞ்ச பக்கம் தண்ணிக் கிண்ணம் வைக்கத் தோதா இருக்காம்.

மறுநா காலையில அஞ்சே முக்காலுக்குக் குரூப்புல ஒரு படம். கம்மாத் தண்ணியில பரிசலுக்குள்ள நான், கையில துடுப்பு, மொத சுத்துக்கு முந்தி எடுத்தது போல, பாக்க நல்லாத்தான் இருந்தேன். கீழ சித்தப்பா எழுதியிருந்தாரு: "வைகைக் கரையில் கப்பல் கட்டும் எங்கள் பரம்பரை. அண்ணன் மகன்."

நான் எதுவும் போடல. அத்தை மறுபடியும் ஒரு கும்பிடு போட்டாங்க.